நாட்பட்ட நுரையீரல் நோயும் வீட்டில் உடலியக்கமும்

பனிக்காலம் வந்துவிட்டால் நம் கிராமங்களில் இருமல் சத்தம் கேட்காத தெரு இல்லை. பெரும்பாலோருக்கு அது சில நாட்களில் போய்விடும். சிலருக்குப் போவதில்லை. காலையில் எழுந்தவுடன் சளி, நாலு எட்டு வேகமாக நடந்தால் இரைப்பு, மாட்டுத் தொழுவத்திற்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டிய நிலை என்று ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். ஊரில் இதனை இளைப்பு என்றும் ஈளை என்றும் சொல்வார்கள். மருத்துவர்கள் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். மருந்துச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று குறித்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் இந்நோயால் உலகெங்கும் சுமார் 35 இலட்சம் பேர் இறந்தனர்.

இந்நோய்க்கான மருந்துகளைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வார். இங்கே சொல்லப்போவது வேறு. இந்நோய் உள்ளவரை வீட்டில் உட்கார வைப்பதா, நடமாட வைப்பதா என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் பெரும்பாலான குடும்பங்கள் அன்பின் காரணமாகவே தவறான பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

யாருக்கு வருகிறது?

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. புகை பிடிக்காதவர்களுக்கும் வரும் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. தில்லியில் பணியாற்றிய இதய நோய் நிபுணர் டாக்டர் எஸ். பத்மாவதி 1950-களில் தொடங்கி நடத்திய ஆய்வுகளில், நுரையீரல் நோய் முற்றி இதயமும் பாதிக்கப்பட்டவர்களிடையே பெண்கள் ஏறக்குறைய ஆண்களுக்கு ஈடாகவே இருந்தார்கள். அப்பெண்களில் மிகச் சிலரே புகை பிடித்தவர்கள். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன் ஆண்டுக்கணக்கில் குனிந்து ஊதியதே அவர்கள் நோய்க்குக் காரணம் என்று அவர் எடுத்துக் காட்டினார். இன்று பல வீடுகளில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் கொல்லைப்புறத்தில் விறகு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே சுவாசித்த புகையின் பலனும் வயதான பிறகே வெளிப்படுகிறது.

இவை தவிர, காசநோய் வந்து குணமானவர்களில் ஒரு பகுதியினருக்கு நுரையீரலில் தழும்பு நின்று இரைப்பு தொடர்வதுண்டு. கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் எழும் தூசியும், கோழிப்பண்ணைத் தூசியும் நோயைக் கிளப்பிவிடும். ஆகவே உழவர் குடும்பங்களுக்கு இது தொலைதூரத்து நோய் அன்று.

மூச்சு ஏன் முட்டுகிறது?

இந்நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். நுரையீரலின் சிறிய காற்றுக் குழாய்கள் குறுகியும் தளர்ந்தும் போவதால், மூச்சை வெளியே விடும்போது அவை மடங்கிக்கொள்கின்றன. பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியதாகிறது. பத்தாயத்தில் பழைய நெல் நிறைந்திருக்க, புது நெல்லை எங்கே கொட்டுவது? நோயாளி “மூச்சு உள்ளே போகமாட்டேங்குது” என்றுதான் சொல்வார். உண்மையில் உள்ளே இருப்பது வெளியே போகவில்லை. வேகமாக நடக்கும்போது மூச்சும் வேகமாவதால் தேக்கம் மேலும் கூடுகிறது, இரைப்பும் கூடுகிறது.

இரைப்பு வந்த மனிதர் என்ன செய்வார்? நடையைக் குறைப்பார். முதலில் வயலுக்குப் போவது நிற்கும். பிறகு கடைவீதி, கோயில், கடைசியில் தெருமுனை. வீட்டில் பிள்ளைகள், “அப்பா, நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்” என்பார்கள். மருமகள் தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். சிறுநீர் கழிக்கக்கூடத் திண்ணைக்குப் பக்கத்திலேயே ஏற்பாடு செய்துவிடுவார்கள். இவை அனைத்தும் நல்ல எண்ணத்தில் செய்யப்படுவனவே.

ஆனால் கட்டுத்தறியிலேயே மூன்று மாதம் நின்ற மாட்டை ஏரில் பூட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மனிதருடைய தசையும் அப்படித்தான். தொடைத் தசையும் கெண்டைத் தசையும் வேலையின்றி இளைத்துப் போகின்றன. இளைத்த தசை சிறிது வேலை செய்தாலே அதில் அமிலம் சீக்கிரம் சேர்கிறது. அந்த அமிலத்தைச் சமாளிக்க உடல் இன்னும் அதிகமாக மூச்சு வாங்கச் சொல்கிறது. ஆக, முன்பு நூறு அடி நடந்தால் வந்த இரைப்பு இப்போது ஐம்பது அடியில் வருகிறது. நோய் முற்றிவிட்டது என்று எண்ணி நடையை இன்னும் குறைக்கிறார்கள். இந்தச் சுழலில் நுரையீரல் கெட்டது பாதி என்றால், கால் கெட்டது மறுபாதி.

பெல்ஜியம் நாட்டில் 2005-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். இந்நோய் உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 44 நிமிடமே நடந்தார்கள். அதே வயதில் நோயற்றவர்கள் 81 நிமிடம் நடந்தார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்திற்கு 2 மணி நேரமாவது நடக்கவோ சைக்கிள் விடவோ செய்தவர்களுக்கு, மருத்துவமனையில் சேரும் நிலையும் மூச்சு நோயால் இறப்பும் 30 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தன. நோய் கடுமையாக இல்லாதவர்களே அதிகம் நடந்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே நடக்க வைத்துப் பார்த்த ஆய்வுகளையும் சொல்ல வேண்டும்.

நடந்தால் நுரையீரல் சரியாகுமா?

ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. எவ்வளவு நடந்தாலும் குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் எண் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தசை. கஸபுரி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நோயாளிகளுக்கு அதே அளவு வேலைக்கு முன்பைவிடக் குறைந்த அமிலமே சேர்ந்தது. மூச்சின் தேவையும் குறைந்தது. அதாவது நுரையீரல் பழையபடியே இருக்க, கால் கேட்கும் காற்று குறைந்துவிட்டது. மழை குறைந்த ஆண்டில் கிணற்றில் ஊற்றைக் கூட்ட முடியாது. தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிரை வைத்துச் சமாளிக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

முன்பெல்லாம் மருத்துவர்களே இந்நோயாளிகளுக்கு ஓய்வைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க மருத்துவர் ஆல்வன் பாராக் 1952-லேயே இவர்களை நடக்க வைக்கலாம் என்று எழுதினார். 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்பவர் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தினார். 2015-ல் 65 ஆய்வுகளைச் சேர்த்து, மொத்தம் 3,822 நோயாளிகளின் விவரங்களை அலசிப் பார்த்தபோது, பயிற்சியால் இரைப்பும் சோர்வும் குறைந்து நடக்கும் திறன் கூடுவது ஐயமின்றித் தெரிந்தது.

இதற்குப் பெரிய மருத்துவமனைதான் போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த ஆன் ஹாலண்ட் குழுவினர் 166 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவமனைக்கு வரவழைத்தும், மறு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும் 8 வாரம் பயிற்சி அளித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர் ஒரே ஒரு முறை நேரில் சென்றார். பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. 2017-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி முடிந்தபோது வீட்டில் செய்தவர்கள் மருத்துவமனைக்குப் போனவர்களுக்குக் குறையாத பலன் பெற்றிருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவிகள் நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும்தான். பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்கு வாரம் இருமுறை போக இயலாத நம் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி.

தொடங்கும் முன்

முதலில் மருத்துவரிடம் காட்டி நோய் இன்னதென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரைப்பு இதய நோயாலும், இரத்த சோகையாலும் வரும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்வது அவசியம். பீடியை விட வேண்டும். இதில் பேரம் கிடையாது. உறிஞ்சும் மருந்து கொடுத்திருந்தால் அதைச் சரியாக இழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பலர் வாயில் அடித்து விழுங்கிவிடுகிறார்கள். நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு இழுத்துக்கொள்ளலாமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நடை

எங்கே நடப்பது என்று தேட வேண்டாம். தாழ்வாரம், களம், வீட்டு முன் உள்ள தெரு, எதுவும் போதும். மேடு பள்ளமில்லாமல், நடுவில் உட்கார ஓரிடம் இருக்க வேண்டும். வரப்பு வேண்டாம், காலைப் பார்த்துப் பார்த்து வைப்பதிலேயே மூச்சு போய்விடும்.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. நடந்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. மருத்துவர்கள் இரைப்பைப் பூஜ்யம் முதல் 10 வரை எண் போட்டுச் சொல்லச் சொல்வார்கள். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் 10. நடக்கும்போது 3 அல்லது 4-ல் இருப்பது சரியான அளவு. இரைப்பே வராமல் நடந்தால் பலன் குறைவு. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஓரளவு மூச்சு வாங்குவது கெடுதல் செய்வதில்லை. உட்கார்ந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

முதல் வாரத்தில் மொத்தம் 10 நிமிடம் போதும். அதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. 2 நிமிடம் நடந்து 1 நிமிடம் நின்று, மீண்டும் 2 நிமிடம் என்று ஐந்து தவணையாக நடக்கலாம். முடியாதவர் 1 நிமிடத்தில் தொடங்கலாம். சில நாட்களுக்கொரு முறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி, இரண்டு மாதத்தில் 30 நிமிடத்தை எட்டப் பார்க்க வேண்டும். வாரத்திற்கு 5 நாள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டைக் கணக்கு நன்றாக உதவும்: ஒரு கிண்ணத்தில் பத்துக் கொட்டை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுத்து மறு கிண்ணத்தில் போட வேண்டும். அடுத்த வாரம் பன்னிரண்டு கொட்டை. எத்தனை சுற்று என்பதைத் தினசரிக் காலண்டர் தாளிலேயே குறித்து வைக்கலாம். கைப்பேசியில் அடி எண்ணும் வசதி இருந்தால் அதுவும் நல்லதே. ஆனால் அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். பலர் மேசை மேல் வைத்துவிட்டு நடக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பனியும் அடுப்புப் புகையும் தாழ்வாகத் தேங்கி நிற்கும். அப்போது நடக்காமல் வெயில் ஏறிய பின் 9 மணிக்கு நடக்கலாம். சித்திரை, வைகாசியில் இதற்கு நேர்மாறாகக் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிறைந்த வயிறு மூச்சுக்கு இடம் கொடுக்காது. பக்கத்து வயலில் மருந்து தெளிக்கும் நாள், கரும்புச் சோகை கொளுத்தும் நாள், போகிப் பண்டிகை, இந்நாட்களில் நடை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

காலுக்கும் கைக்கும் வலு

நடையுடன், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வலுவூட்டும் வேலையும் தேவை. இதில் தலையாயது உட்கார்ந்து எழுவது. சுவரோடு ஒட்டிய உறுதியான பெஞ்சில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக மீண்டும் உட்கார வேண்டும். இப்படி 8 முதல் 10 முறை, சற்று ஓய்வு, மீண்டும் ஒரு முறை அதே போல். கழிப்பறையிலும் பஸ்ஸிலும் ஒருவர் துணையின்றி எழுந்திருக்க இத்தசையே உதவுகிறது. தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், திண்ணைப் படியில் ஒரு படி ஏறி இறங்குவதும் நல்லவை. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், இதற்கு ஆகாது.

கைக்கு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். அரைக் கிலோ எடை. முழங்கையை மடக்கித் தூக்கி இறக்கலாம். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் வேலைகள் இந்நோயாளிகளுக்குச் சீக்கிரம் இரைப்பைக் கொண்டுவரும். தோளிலும் கழுத்திலும் உள்ள தசைகள் இவர்களுக்கு மூச்சு இழுக்கவும் உதவிக்கொண்டிருப்பதால், ஒரே ஆளை இரண்டு வயலுக்கு அனுப்பியது போல் ஆகிவிடுகிறது. கொடியில் துணி காயப்போடும்போதும், தலை வாரும்போதும், பரணில் பாத்திரம் எடுக்கும்போதும் மூச்சு வாங்குவது இதனால்தான். கொடியைத் தாழ்த்திக் கட்டுங்கள். அடிக்கடி எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்தில் வையுங்கள். வேலையையே பறித்துவிடாதீர்கள்.

எல்லா வேலைக்கும் பொதுவான முறை ஒன்றுண்டு. மூக்கால் மெல்ல இழுத்து, விளக்கை அணைக்காமல் அதன் சுடர் மட்டும் அசையும்படி ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இருமடங்கு நேரம் வெளியே விட வேண்டும். குவிந்த உதடு காற்றுக்குச் சிறிது தடை கொடுப்பதால் உள்ளே குழாய்கள் மடங்காமல் இருக்கின்றன. கடினமான பகுதியைச் செய்யும்போது, அதாவது எழும்போதும், தூக்கும்போதும், படியேறும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். பலர் அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரைப்பு அதிகமாகிவிட்டால் உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு உதட்டைக் குவித்து ஊத வேண்டும். முகத்துக்கு நேரே விசிறிக்கொள்வது உண்மையாகவே இரைப்பு உணர்வைத் தணிக்கிறது. இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், கையடக்க மின்விசிறிக் காற்றைக் காலில் படும்படி வைத்ததைவிட முகத்தில் படும்படி வைத்தபோது பலன் தெரிந்தது. நமக்குப் பனையோலை விசிறி போதும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

நோயாளி நடக்காமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, பயம்தான். ஒருமுறை நடுத்தெருவில் மூச்சு முட்டி நின்றவர் அடுத்த முறை கிளம்பவே மாட்டார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் உண்டு. எனவே முதல் இரண்டு வாரம் யாராவது கூட நடக்க வேண்டும். அவர் வேகத்துக்கு நீங்கள் நடக்க வேண்டும். உங்கள் வேகத்துக்கு அவரை இழுக்கக் கூடாது. நடக்கும்போது அவரைப் பேச வைத்துக்கொண்டே வரவும் வேண்டாம்.

“நடங்க, நடங்க” என்று தினமும் சொல்வதைவிட, ஒரு வேலையை அவர் பொறுப்பில் விடுவது பலன் தரும். கோழிகளைத் திறந்துவிடுவது, பேரப்பிள்ளையைப் பால்வாடி வரை அழைத்துப் போவது, பால் சொசைட்டிக்குக் கால் லிட்டர் குறைத்தாவது தூக்குவாளியைக் கொண்டுபோவது போன்ற வேலைகள். வைக்கோல் போரைக் கிளறுவது, தவிடு கலப்பது, உலர்ந்த சாணத்தைக் கூட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வாசல் பெருக்கினால் முதலில் நீர் தெளித்துவிட்டுப் பெருக்கட்டும். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வாரம் ஒருமுறை பேசும்போது, “உடம்பு எப்படி இருக்கு?” என்பதோடு, “இந்த வாரம் எத்தனை சுற்று நடந்தீங்க?” என்றும் கேட்க வேண்டும். மெல்போர்னில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான்.

வீட்டுப் பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். அப்பாவுக்கு இரைப்பு என்றால் டவுனுக்குக் கூட்டிப்போகிறோம். அம்மாவுக்கு என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அவரும் முடியாத நாள் வரை அடுப்படியில் நின்றுவிட்டு, ஒரேயடியாகப் படுத்துவிடுகிறார். அடுப்படி வேலையை நடையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் புகைதான் கூடுதல். விறகு அடுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, அந்த நேரத்தை நடைக்குக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம் பாரித்தல், சளியில் இரத்தம், உட்கார்ந்து பத்து நிமிடமாகியும் தணியாத இரைப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் நடையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். சளி அதிகமாகி மஞ்சள் அல்லது பச்சையாக மாறினாலும், காய்ச்சல் இருந்தாலும், கால் வீங்கினாலும், நினைவு மங்கிப் பேச்சுக் குழறினாலும் தாமதம் கூடாது. விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள், நடக்கும்போது 88-க்குக் கீழே இறங்கினால் நின்று ஓய்வெடுத்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அதன் அருகே அடுப்போ, பீடியோ, சாமி விளக்கோ கூடாது.

நோய் கிளம்பி மருத்துவமனையில் ஒரு வாரம் படுத்து வந்தவர்தான் எல்லோரையும்விட அதிகமாக வலுவிழந்திருப்பார். ஒரு மாதம் படுக்கட்டும் என்று விடாமல், மருத்துவர் அனுமதி பெற்று நான்கு வாரத்திற்குள் மீண்டும் தொடங்கிவிட வேண்டும். பழைய கணக்கில் தொடங்கக் கூடாது. முப்பது நிமிடம் நடந்தவரானாலும் மீண்டும் இரண்டு நிமிடத்திலிருந்து, கட்டிலிலிருந்து வாசல் வரை. சில மாதம் விட்டுவிட்டால் பெற்ற பலன் மெல்லக் கரைந்துவிடும் என்பதால், அறுவடைக் காலத்தில் வீட்டில் எல்லோரும் வயலில் இருக்கும்போது அவருடன் நடக்கப் பக்கத்து வீட்டில் ஒருவரை இப்போதே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.